கை காட்டுகிறவர்

"இன்னிக்கு அவனைக் கையும் களவுமாப் பிடிக்கிறேன் பாரு" என்று ஸ்டோர் கீப்பரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார் சூப்பர்வைசர்.

அவன் என்றால் கிரேன் ஆபரேட்டர். பத்து மாடி உயரத்தில் உட்கார்ந்து கம்பிக் கட்டுகளைத் தூக்குகிறவன். அத்தனை உயரத்திலிருந்து இடம் பார்த்து இறக்குவது கஷ்டம். அதனால் கீழே நின்று சூப்பர்வைசர் கை காட்டுவார். ஏற்று, இறக்கு, நிறுத்து. அந்தக் கை சொல்கிறபடிதான் அவன் லீவரை நகர்த்த வேண்டும்.

இந்த வாரம் இரண்டு தடவை அவன் அதை மீறிவிட்டான். 'இறக்கு' என்று இவர் காட்ட, பாரத்தை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டான். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

"தலை சுத்திடுச்சு சார். தப்பு என் மேலதான்" என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

அந்தத் தலை ஏன் சுற்றுகிறது என்பது சூப்பர்வைசருக்கு இன்று மதியம்தான் விளங்கியது. நூலகத்துக்குப் பின்னால் ஒரு அறையில், குடியை விட நினைக்கிறவர்கள் வாரா வாரம் கூடிப் பேசுகிறார்களாம். அங்கே இவனும் போகிறான் என்று ஸ்டோர் கீப்பர் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

கிரேன் மேலே ஒரு குடிகாரன், கீழே இத்தனை பேர். நேரில் பார்த்துவிட்டு, நாளைக் காலை மேனேஜர் காதில் போட்டால் அவன் சீட்டு கிழிந்துவிடும்.

சூப்பர்வைசரும் குடிப்பவர்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அது உடம்பு வலிக்கு. காலையில் கொஞ்சம் போட்டால்தான் கை நிதானத்துக்கு வரும். அதைப் போய்க் குடி என்று சொல்ல முடியுமா? இப்போதும் வழியில் ஒரு மடக்கு போட்டுவிட்டு, வாயில் புதினா மிட்டாயை அடக்கிக்கொண்டுதான் வந்திருந்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நழுவிவிடுவதாகத் திட்டம். அதற்குள் கூட்டத்தை நடத்தும் தையல்கடை அம்மாள், கழுத்தில் இன்ச் டேப்போடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"முதல் தடவையா? கூச்சப்படாதீங்க, உள்ள வாங்க."

வேவு பார்க்க வந்தேன் என்று சொல்லவா முடியும்? கடைசி வரிசையில் ஒரு பெரிய முதுகுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார். முன்வரிசையில் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தான். அவன் திரும்பினால் காரியம் கெட்டுவிடும்.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ஒரு பஸ் டிரைவர் பாதியிலேயே அழுதுவிட்டார். காலையில் கொஞ்சம் குடித்தால்தான் பேனாவே பிடிக்க முடிந்தது என்றார் ஒரு வக்கீல். சூப்பர்வைசர் மிட்டாயைக் கடித்து விழுங்கினார்.

"இத்தனை வாரமா வர்றீங்க, வாயே திறக்கல. இன்னிக்காவது பேசுங்க தம்பி" என்றார் அம்மாள்.

ஆபரேட்டர் எழுந்தான். சொல்லுடா, உன் வாயாலேயே சொல்லு என்று சூப்பர்வைசர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நான் குடிக்கிறதில்லக்கா."

புளுகன் என்று பல்லைக் கடித்தார் இவர்.

"என்கூட வேலை பாக்குற ஒருத்தருக்காக வர்றேன். அவர் கீழ நின்னு கை காட்டுவார். இத்தனை வருஷமா அவர் கைய நம்பித்தான் தூக்குறேன். இப்பக் கொஞ்ச நாளா அந்தக் கை நடுங்குது. இந்த வாரம் ரெண்டு தடவை, அடியில ஆள் நிக்கும்போதே இறக்குன்னு காட்டிட்டார். நான் இறக்கல."

அடியில் ஆள் நின்றதா? சூப்பர்வைசர் யோசித்துப் பார்த்தார். நினைவே வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியது.

உயிர் விஷயமாயிற்றே, மேலே சொல்லியிருக்க வேண்டாமா என்று வக்கீல் கோபப்பட்டார்.

"சொன்னா அவர் வேலை போயிடும் சார். வேலையும் போனா இன்னும்தான் குடிப்பார். அதான் எனக்குத் தலை சுத்துச்சுன்னு சொல்லிட்டேன். ஆனா இனிமே தள்ளிப்போட முடியாது, எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு அவர்கிட்டப் பேசியே ஆகணும். மனசு நோகாம எப்படி இங்க கூட்டிட்டு வர்றதுன்னு தெரியல. யாராவது சொல்லுங்க."

அம்மாள் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"புதுசா வந்திருக்கீங்களே, நீங்க சொல்லுங்க. என்ன சொன்னதும் நீங்க இங்க வந்தீங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். ஆபரேட்டரும் திரும்பினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

இடம் தெரியாமல் வந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவு பக்கத்தில்தான் இருந்தது. சூப்பர்வைசர் முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"இவன் வேலைக்கு வேட்டு வைக்கத்தாம்மா வந்தேன்" என்றார். "இவன் சொன்ன ஆள் நான்தான்."