விண்ணப்பத்தின் கடைசிக் கட்டம்

'கொரிய மொழி, பண்பாட்டில் முதுகலை படிக்க விரும்புவது ஏன்?'

வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் மகள் அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள்.

"கொரியன் சீரியல் பைத்தியம்னு எழுது!" என்றாள் அம்மா. "உங்கப்பா கையை நசுக்கினது அந்தக் கொரியாக்காரன் ஃபேக்டரி மெஷின். 'தப்பு என்னுது, வேலையை நானே விட்டுடறேன்'னு அவன் பாஷையில அச்சடிச்சுக் கையெழுத்தும் வாங்கிட்டான். இவ அதையே படிக்கக் கடல் தாண்டிப் போறாளாம். வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறா!"

அப்பா இரண்டே விரல் மிஞ்சிய இடது கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"உங்களையும் சொல்லணும். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி விஷயம் தெரிஞ்சவங்களைக் கேட்டிருந்தா வாயில இருக்கற முத்தா உதிர்ந்திருக்கும்?"

"என் புத்திதான். யாரையுமே கேக்கல," என்றார் அப்பா.

அம்மா முணுமுணுத்தபடி அடுப்படிக்குள் போனாள்.

மகள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தாள். அப்பா எட்டிப் படித்தார்.

'ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அப்பா அந்தத் தாளை என்னிடம்தான் நீட்டினார். ஆறு மாதம் சீரியல் பார்த்துக் கற்ற அரைகுறைக் கொரிய மொழியை நம்பி, "லீவு ஃபாரம்தாம்பா, போடுங்க" என்றேன்.'

அப்பா தாளை மெல்ல உருவி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா சொன்ன மாதிரி, சீரியல் பிடிக்கும்னே எழுதும்மா," என்றார், அடுப்படியைப் பார்த்துக்கொண்டே.