கீலுக்கு அடித்த எண்ணெய்

மாலை வெயில் ஜன்னல் வழியே இறங்கி, வழுவழுக்கும் தரையில் மினுங்குகிறது. அந்த மினுக்கத்தின் நடுவேதான் ஓய்வுபெற்ற நில அளவையாளர் மல்லாந்து கிடக்கிறார். மகன் இந்த வாசற்படி மிதித்து நான்கு வருடம் ஆகிறது. "ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் உங்க கதவு கிரீச்சுங்குது, வீட்டுக்கு யாரும் வர்றதே இல்லையா?" என்று கீழ்வீட்டுப் பெண் நேற்றுக் கேட்டுவிட்டாள். இனி எவரும் அந்தச் சத்தத்தை எண்ணக்கூடாது என்று கீல் மூன்றுக்கும் ஸ்பிரே எண்ணெயை அடித்துத் தீர்த்தார். தரைக்கு வழிந்த எண்ணெய் காலை வாரிவிட்டது. இடுப்பு அசைய மறுக்கிறது. காலி டப்பா இன்னும் உருண்டுகொண்டிருக்க, கதவு தட்டப்படுகிறது.

"ஐயா, என்னமோ தொப்புன்னு விழுந்துச்சே? உள்ள வரட்டுமா?"

சட்டையெல்லாம் எண்ணெய். இந்தக் கோலத்திலா?

"வேண்டாம்மா! நாற்காலிதான். பையன் வந்திருக்கான், எடுத்து வச்சுக்கிட்டிருக்கான்."

"அப்படியா! நல்லவேளை. தனியா இருக்கீங்களேன்னு பதறிட்டேன்."

செருப்புச் சத்தம் படியிறங்குகிறது. ஒரு குரல் கொடுத்தால் திரும்பி வந்துவிடுவாள். அவர் உதட்டைக் கடித்துக்கொள்கிறார். கீழே அவள் கணவனிடம் சொல்வது கேட்கிறது.

"மேல்வீட்டு ஐயாவோட புள்ள வந்திருக்காராம்!"

கிடந்த இடத்திலிருந்தே தலையை மட்டும் தூக்கி, அதைக் கடைசிச் சொல்வரை கேட்கிறார்.