சாம்பல் பூசிய வரி

எழுத்தை இணையப் பக்கமாக மாற்றித் தரும் ஓர் இயந்திரத்துக்குள் தூரிகை ஒன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தது. பக்கத்தில் வரும் கணினி நிரல் வரிகளுக்கு வண்ணம் பூசுவது அதன் வேலை. கட்டளைக்கு நீலம், எண்ணுக்குச் சிவப்பு என்று மளமளவென்று பூசிக்கொண்டே வந்த தூரிகை, நெற்றியில் குறிப்பு என்ற அடையாளத்தோடு நின்ற ஒரு வரியைக் கண்டதும் முகத்தைச் சுளித்தது.

“உன்னைக் கம்ப்யூட்டர் படிக்கவே படிக்காது. உனக்கெல்லாம் எதுக்கு நல்ல நிறம்?”

“மனுஷங்க படிப்பாங்களே” என்றது குறிப்பு வரி.

தூரிகை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளிறிய சாம்பலைத் தடவிவிட்டு நகர்ந்தது.

மறுநாள் செண்பகவல்லி என்ற பெண் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வெளிறிய சாம்பல் வரி அவள் கண்ணில் படவில்லை; பளிச்சென்று தெரிந்த நீல வரிகளை மட்டும் எடுத்துத் தன் கணினியில் ஓட்டினாள். மகள் பிறந்த நாள் முதல் எடுத்து வைத்திருந்த படங்கள் அத்தனையும் அழிந்துபோயின. அவள் அழுதது இயந்திரத்துக்குள் வரை கேட்டது.

தூரிகை குறிப்பு வரியிடம் ஓடி வந்தது. “உன்மேல என்னதான் எழுதியிருக்கு?”

“முதல்ல நகல் எடுத்து வைங்க, இது எல்லாத்தையும் அழிச்சிடும்னு எழுதியிருக்கு.”

‘இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா’ என்று கேட்க வாயெடுத்த தூரிகை, அப்படியே கூனிக் குறுகிப் போனது. அந்த வரி எழுதப்பட்ட நாளிலிருந்து அதை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது.