இன்னும் ஒரு வியாழன்

மனநல ஆலோசகர் பயிற்சியில் வியாழன்தோறும் ஒத்திகை. பயிற்சி தரும் மேடம் பிரச்சினையோடு வந்தவராக நடிப்பார். மாணவி காதுகொடுத்துக் கேட்க வேண்டும். மேடத்தின் நடிப்புக்கு ஈடே கிடையாது.

"பொண்ணு போன் பண்ணி மூணு மாசமாச்சும்மா. பழக்கதோஷத்துல ரெண்டு தட்டு எடுக்கறேன். அப்புறம் ஒண்ணைத் திருப்பி வைக்கறேன்."

மாணவி அறிவுரை சொல்லவில்லை. "திருப்பி வைக்கறப்ப எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

மேடம் வெகுநேரம் பேசினார். நேரம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் பத்தாது. அடுத்த வாரமும் வா."

"கூடப் படிச்சவங்க எல்லாம் தேறிட்டாங்க மேடம். எனக்கு மட்டும் என்ன குறை?"

"வாம்மா, சொல்றேன்."

மாணவி முகம் வாடிக் கிளம்பினாள்.

மேடம் மேசை டிராயரைத் திறந்தார். 'மிகச் சிறப்பு' என்று எழுதி, போன மாதமே கையெழுத்துப் போட்ட அவளுடைய சான்றிதழ் உள்ளே இருந்தது. அதன்மேல் ஒரு ஃபைலை வைத்து மூடிவிட்டு, காலண்டரில் அடுத்த வியாழனை வட்டமிட்டார்.