ஃபேமிலி ஃபிரெண்ட்

"சார், இவங்க எங்க ஃபேமிலி ஃபிரெண்ட்" என்று தையல்காரியை மேலதிகாரியிடம் அறிமுகப்படுத்துகிறான், அடுத்த மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற அக்கவுண்டன்ட். காலையில் பேருந்தில் ஃபிரெண்ட் வேறு, கேர்ள்ஃபிரெண்ட் வேறு, நிச்சயமான நீ என் ஃபியான்சே என்று வாத்தியார் கணக்காகப் பாடம் எடுத்த அதே வாய். வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்த மக்கு இவள். ஆபீஸ் ஏசி காற்றில் அவள் தைத்த அவன் சட்டைக் காலர் விறைப்பாக நிற்கிறது. உள்ளே இருக்கும் கழுத்துதான் குழைகிறது. அவள் பிடியில் காகிதக் கோப்பை நசுங்கிக் காபி விரல்களில் வழிகிறது. சுடுவது காபியில்லை. "எந்த ஃபேமிலிக்குங்க நான் ஃபிரெண்ட்?" என்கிறாள் அவன் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்தபடி. "ஐயோ, மெதுவா! தையல் கடைன்னு தெரிஞ்சா என்ன நினைப்பாரு?" என்று கிசுகிசுக்கிறான் அவன். "என்ன பண்றீங்கம்மா?" என்கிறார் மேலதிகாரி. "தையல் கடை வச்சிருக்கேன் சார்," கணீரென்று சொல்லிவிட்டு அக்கவுண்டன்ட் பக்கம் கைகாட்டுகிறாள். "இவரு என் பழைய கஸ்டமர்."