திங்கட்கிழமை உபவாசம்

பத்து மணி நேரமாக ஆசிரியை எதுவும் சாப்பிடவில்லை. அவளுடன் அறையில் தங்கியிருக்கும் டைப்பிஸ்ட் அக்கா காபியை நீட்டினாள்.

“வேண்டாம்க்கா.”

“உன் உபவாசம் வெள்ளிக்கிழமைதானே? இன்னிக்குத் திங்கள். யாருக்காக?”

“அண்ணனுக்காக.”

அக்கா டம்ளரை ணங்கென்று மேசையில் வைத்தாள். “ஞானஸ்நானம் எடுத்தேன்னு உன்னை வீட்டை விட்டுத் துரத்தினவனுக்கா? அம்மா சாவுக்குக்கூட உன்னை வாசப்படி ஏற விடலையே.”

“ஆமாக்கா.”

“படுத்த படுக்கையா கிடக்கிறவன், நீ வயித்தைக் காயப்போட்டா எழுந்துடுவானா?”

ஆசிரியை ஒரு மாற்றுடையை மடித்துப் பையில் வைத்தாள். “கனி கொடுக்கிற வாழ்க்கை வாழணும்னு ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு வருஷம் பூரா சொல்லித் தர்றேன். வாயால சொன்னா மட்டும் போதுமா?”

“சரிம்மா, ஜெபத்தை இங்கேயே உட்கார்ந்து பண்ணு. பை எதுக்கு?”

வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஜெபம் நேத்தே பண்ணிட்டேன்க்கா. ஆபரேஷனுக்கு முன்னாடி எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அண்ணனுக்கு என்னோட ஒரு கிட்னியைக் கொடுக்கப் போறேன்.”