பச்சை விளக்குக் கதைகள்

புதுக் கதை கேட்கும் குழந்தையின் இதயம் படபடத்தால், அதன் மணிக்கட்டில் எப்போதும் இருக்கும் கைப்பட்டையில் சிவப்பு விளக்கு எரியும். உடனே, பயமுறுத்திய அந்த வரியைப் பதிப்பகம் நீக்கிவிடும். அதனால் சிறுவர் எழுத்தாளர் பூவராகனின் கதைகளில் பாம்புகள் பிஸ்கட் தின்றன, யாரையும் கடிக்கவில்லை.

இன்று கொல்லையில், படமெடுத்து நின்ற நாகத்திடம் அவருடைய மகள் நறுமுகை பிஸ்கட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் கைப்பட்டையில் பயமே இல்லாத பச்சை.

"வேணாம் கண்ணு, கடிச்சிடும்!"

"உங்க பாம்பு கடிக்காதேப்பா."

"செத்துப் போயிடுவம்மா!"

"அப்படின்னா?"

அந்தச் சொல்லை அவர் எழுதியதே இல்லை.

பாம்பு சீறியது. பூவராகன் பாய்ந்து, நடுவில் தன் கையைக் கொடுத்தார். ரத்தம் துளிர்த்த அந்தக் கையையும் அப்பாவின் முகத்தையும் நறுமுகை மாறிமாறிப் பார்த்தாள். அவளுடைய கைப்பட்டை முதன்முறையாகச் சிவந்தது.

"அப்படித்தான் கண்ணு," என்றார் பூவராகன். "நல்லா பயப்படு. ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிடு."